வீடு அமிழ்ந்த வழக்கில் மரவியல் வல்லுநர் சாட்சியம் அளிப்பது எப்படி?

லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும், கோடையில் சுருங்கிக் குளிர்காலத்தில் உப்பும் களிமண்ணின்மேல் நிற்கும் வீட்டில் விரிசல் கண்டால், பழி முதலில் அருகிலுள்ள மரத்தின்மேல்தான் விழும். அந்தப் பழிக்கு ஆதாரம் உண்டா என்பதைச் சொல்வதே மரவியல் வல்லுநரின் வேலை. கட்டணம் தருபவர் யாராக இருந்தாலும், வல்லுநரின் முதற்கடமை நீதிமன்றத்துக்கே உரியது என்று இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறை விதிகளின் 35ஆம் பகுதி கூறுகிறது.

அடித்தளத்துக்குக் கீழே தோண்டிய சோதனைக் குழியில் கிடைத்த வேர்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தால், அவை எந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்; ஆனால் தெருவில் அதே இனத்து மரங்கள் வரிசையாக நிற்கும்போது, எந்த மரத்தின் வேர் என்பதை அது சொல்லாது. வேர் கிடைத்துவிட்டது என்பதோடு அறிக்கையை முடிப்பவர்கள் குறுக்கு விசாரணையில் திணறுவது இங்கேதான். என் கருத்தில், எல்லாவற்றையும்விட வலுவான சான்று, சுவரில் பொருத்திய குறிகளின் மட்டத்தைப் பல மாதங்கள் தொடர்ந்து அளந்த பதிவேடு. மரம் இலையுதிர்க்கும் வகையாயின் கோடை இறுதியில் கட்டடம் தாழ்ந்து குளிர்காலத்தில் மீண்டும் உயரும். உடைந்த கழிவுநீர்க் குழாயால் மண் இளகியிருந்தால் இந்தப் பருவ ஒழுங்கு பொதுவாகக் காணப்படாது. மண்ணின் ஈரப்பதமும், களிமண் எவ்வளவு சுருங்கி உப்பக்கூடும் என்பதைக் காட்டும் நெகிழ்வுக் குறியீடும் இதற்கு ஒத்துப்போகின்றனவா என்று பொறியாளரின் அறிக்கையோடு ஒப்பிட வேண்டும். ஆனால் அடித்தளத்தின் தாங்குதிறனைப் பற்றிக் கருத்துச் சொல்வதை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

அடுத்த கேள்வி, மரத்தை முன்னரே வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. டெலவேர் மேன்ஷன்ஸ் வழக்கில் (2001), ஒரு பிளேன் மரத்தை அகற்றியிருந்தால் ஏறக்குறைய 14,000 பவுண்டில் முடிந்திருக்கக்கூடிய பழுதுபார்ப்பு, அடித்தளத்தை வலுப்படுத்த நேர்ந்ததால் 5,70,000 பவுண்டைத் தாண்டியது. அந்தச் செலவை, மரத்துக்குப் பொறுப்பான வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி ஏற்க வேண்டும் என்று, அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆயினும் வீட்டைவிட மூத்த மரத்தை வெட்டினால், வறண்டிருந்த களிமண் நீரை ஏற்று உப்பிக் கட்டடத்தை மேலே தள்ளக்கூடும் என்பதையும் அறிக்கையில் மறைக்காமல் எழுத வேண்டும்.

எதிர்த்தரப்பு வல்லுநருடன் கூடிப் பேசி, உடன்படும் புள்ளிகளையும் மாறுபடும் புள்ளிகளையும் காரணத்தோடு பதிவுசெய்யும் கூட்டறிக்கையில், படித்துப் பாராமல் கையெழுத்திடக் கூடாது. 2011இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம், வல்லுநர்கள்மேல் அவர்களை நியமித்தவரே கவனக்குறைவுக்காக வழக்குத் தொடர முடியாது என்றிருந்த பாதுகாப்பை நீக்கியது, இத்தகைய ஒரு கூட்டறிக்கையில் எழுந்த தகராறில்தான்.