'பாணர்': ஒரு சொல்லின் வேரைத் தேடும் முறை

யாங்கோனில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் சங்கப் பாடலுக்கு வந்ததும் 'பாணர்' என்ற சொல்லில் நின்றுவிடுகிறார்கள். 'பாடுவோர்' என்று அகராதி சொல்வதோடு விட்டுவிட வேண்டாம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும், அதன் வேரை நீங்களே எட்டலாம்.

1. எழுத்தைச் சரிபாருங்கள். பர்மிய மொழியில் ணகரத்துக்கும் நகரத்துக்கும் எழுத்து வேறு, ஒலி ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் 'பானர்' என்று எழுதிவிடாதீர்கள். மூன்று சுழி 'ண' போனால் வேரும் போய்விடும்.

2. 'அர்' விகுதியைக் கழற்றுங்கள். மிஞ்சுவது 'பாண்'. பாணருக்குச் செய்ய வேண்டிய கடமையைப் புறநானூறு 'பாண்கடன்' என்கிறது.

3. நெடிலைக் குறிலாக்குங்கள். 'சூடு' என்பதற்குள் 'சுடு' இருப்பதுபோல, 'பாண்' என்பதற்குள் 'பண்' இருக்கிறது. பண் என்றால் இசை. யாழ் நரம்பைப் பண்ணுக்கு ஏற்றபடி சுருதி கூட்டுவதற்கும் 'பண்ணல்' என்றுதான் பெயர். ஆக, பண்ணுக்கு உரியவர் பாணர்.

4. அப்புறம், கருவியைக் கண்ணால் பாருங்கள். தமிழ்நாட்டில் வில்யாழ் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் நம் ஊரில் அதே குடும்பத்தைச் சேர்ந்த 'சௌங்' இன்றும் ஒலிக்கிறது. கலைஞர் தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து வாசிப்பார். முடிந்தவரை அருகில் போங்கள். படகு போன்ற அந்த உடல், யாழில் 'பத்தர்'. அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல், 'போர்வை'. வளைந்த தண்டு, 'கோடு'. தண்டைச் சுற்றிச் சிவப்புக் கயிறுகள் வரிசையாகக் கட்டியிருக்கும்; மரபான சௌங்கில் அவற்றை நகர்த்தித்தான் சுருதி சேர்ப்பார்கள். யாழின் வார்க்கட்டுக்குச் சங்கப் பாடல்கள் தரும் பெயர் 'திவவு'. உரை படித்துப் புரியாத இந்தச் சொல், அந்தக் கயிற்றைப் பார்த்த நொடியில் புரிந்துவிடும். பண்ணல் என்ற வேலையும் அங்கேதான் நடக்கிறது. என்னைக் கேட்டால், இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

5. இனி அடைமொழி. 7 நரம்புச் சீறியாழ் வாசித்தவர் சிறுபாணர், 21 நரம்புப் பேரியாழ் வாசித்தவர் பெரும்பாணர். சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்ற நூற்பெயர்கள் இப்போது தானாகவே விளங்கும். பாணரும் புலவரும் ஒன்றா என்றால், இல்லை. புலவர் 'புலம்' என்ற அறிவின் வழி வந்த பெயர். பாணர் பாட்டும் கருவியுமாக ஊர் ஊராகப் போனவர்கள். அவர்களுடைய பெண்கள் பாடினி, விறலி.

சரி, பயிற்சிக்கு இரண்டு பெயர்கள்: திருநீலகண்ட யாழ்ப்பாணர், திருப்பாணாழ்வார். இரண்டையும் இதே வழியில் பிரித்து எழுதிப் பாருங்கள்.