ஃபேஷன் ஷோ படத்தோடு டெய்லரிடம் போகும் முன்

ஃபேஷன் ஷோ வீடியோவைப் பார்த்து, "இதையெல்லாம் யார் வெளியே போட்டுக்கொண்டு போவார்கள்?" என்று ஒரு தடவையாவது சிரிக்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். அங்கே வரும் பல உடைகள் வெளியே போட்டுப் போகத் தைத்தவையே அல்ல. படம் எடுக்கவும், பேசப்படவும் தைத்தவை. அதே படத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உருவி எடுத்தால் நமக்கு உதவும். எதை உருவுவது, அதை டெய்லரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தப் பதிவு.

நான் முதலில் செய்த தப்பு, மொத்தமாகக் காப்பியடித்தது. அகலத் தோள் கோட், அதற்குக் கீழே தரையைத் தொடும் அகல பேண்ட். படத்தில் இருந்த பெண் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நான் ஐந்தடி ஒரு அங்குலம். அலுவலகத்தில் ஒரு அக்கா, "என்ன, அண்ணனோட கோட்டா?" என்று கேட்டார். கிண்டல்கூட இல்லை, உண்மையாகவே கேட்டார்.

படி 1: சரியான படங்களை எடுங்கள்

நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் என்று நான்கு நகரங்களில் வருடத்துக்கு இரண்டு முறை பெண்கள் ஆடைக்கான ஷோக்கள் நடக்கும். பிப்ரவரி-மார்ச்சில் காட்டுவது அடுத்து வரும் குளிர்காலத்துக்கு. செப்டம்பர்-அக்டோபரில் காட்டுவது அடுத்த கோடைக்கு. நம் வெயிலுக்குச் செப்டம்பர் ஷோக்களையே பாருங்கள். குளிர்கால ஷோவில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிறம் மட்டும்தான்.

வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் வோக் ரன்வே தளத்தில் ஒவ்வொரு ஷோவின் படங்களும் வரிசை எண்ணோடு இருக்கும். திரும்பத் திரும்பக் கண்ணில் நிற்கும் மூன்று படங்களைப் போனில் சேமித்து வையுங்கள். மூன்று போதும்.

படி 2: படத்தை நான்காகப் பிரியுங்கள்

ஒரு தாளில் நிறம், வடிவம், துணி, போட்டிருக்கும் விதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கண்ணை இடுக்கிப் பாருங்கள். இந்த நான்கில் எது முதலில் தெரிகிறதோ, உங்களைப் பிடித்து இழுத்தது அதுதான். அதற்கு மட்டும் டிக் போடுங்கள். மற்ற மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதிலிருந்து வரட்டும்.

துணிக்கு டிக் விழுந்தால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். 2022 பிப்ரவரியில் மிலனில் பொத்தேகா வெனெத்தா நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் மத்தியூ பிளாஸி நடத்திய முதல் ஷோவில் சாதாரண ஜீன்ஸ் போல ஒரு பேண்ட் வந்தது. உண்மையில் அது ஜீன்ஸ் துணியே இல்லை, தோல். ஜீன்ஸின் நூலோட்டம் தெரிகிற மாதிரி அச்சிட்ட மென்மையான தோல். அந்த உடையின் மொத்த விளையாட்டும் அதில்தான். அதை நாம் ரெக்சினில் செய்து பார்த்தால் மே மாதத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 3: நிறமா? செலவு குறைவு

2022 மார்ச்சில் பாரிஸில் வாலென்டினோ நிறுவனத்தின் ஷோ. வடிவமைப்பாளர் பியர்பாலோ பிச்சோலி. சுவர், தரை, உடை, செருப்பு எல்லாம் ஒரே அடர்ந்த ரோஸ். நடுவில் கறுப்பு உடைகள் கொஞ்சம். நம் புடவைக் கடைகளில் ராணி கலர் என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். எல்லாம் ஒரே நிறமாகும்போது கண் நிறத்தில் தங்குவதில்லை. துணியின் மடிப்பு, கழுத்தின் வெட்டு, போட்டிருப்பவரின் முகம் என்று அவற்றுக்குப் போய்விடுகிறது.

இதை நாம் செய்ய ராணி கலரே வேண்டும் என்பதில்லை. உங்களிடம் அதிகமாக இருக்கும் நிறத்தை எடுங்கள். நீலம் என்றால் நீல குர்த்தி, நீல பேண்ட், நீல துப்பட்டா. கடையில் விற்கும் செட் மாதிரி மூன்றும் ஒரே துணியாக இருக்க வேண்டாம். ஒன்று காட்டன், ஒன்று கொஞ்சம் பளபளப்பு, ஒன்று வெளிர். அப்போதுதான் யூனிஃபார்ம் மாதிரி இருக்காது.

படி 4: வடிவமா? டெய்லரிடம் போங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இது. பாரிஸில் ஓத் கூச்சூர் என்பார்கள். ஒருவரின் அளவெடுத்து, பெரும்பாலும் கையாலேயே தைக்கும் உடை. பிரான்ஸில் அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதற்கே சட்டம் இருக்கிறது. அளவெடுத்துத் தைப்பது அங்கே அவ்வளவு பெரிய சமாச்சாரம். நமக்கோ தெருமுனையில் டெய்லர் அக்கா இருக்கிறார்.

எடுத்துக்காட்டுக்கு, பாரிஸின் தியோர் நிறுவனத்தின் "பார்" ஜாக்கெட். 1947 பிப்ரவரி 12 அன்று கிறிஸ்தியான் தியோர் தன் முதல் ஷோவில் காட்டியது. சரிந்த தோள், இறுகிய இடுப்பு, அதற்குக் கீழே உள்ளே திண்டு வைத்து விரித்த ஓரம். கீழே ஏராளமான துணியில் மடிப்புப் பாவாடை. போர்க்காலத் துணிப் பஞ்சம் முடியாத நேரம் அது, இவ்வளவு துணியா என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அந்த நிறுவனத்துக்கு யார் வடிவமைப்பாளராக வந்தாலும் அந்த ஜாக்கெட்டைத் தொடாமல் போவதில்லை. 2025-இல் ஜோனதன் ஆண்டர்சன்கூட அங்கே தன் முதல் ஷோவை அதன் புது வடிவத்தோடுதான் தொடங்கினார். ஆகவே அடுத்த வருடம் பழசாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

இடுப்புக்குக் கீழே விரியும் இந்த ஓரத்தை டெய்லரிடம் "பெப்லம்" என்று சொன்னால் புரியும். ஆனால் அத்தோடு நிறுத்தினால் சுருக்கு வைத்து ஃபிராக் மாதிரி தைத்துக் கொடுத்துவிடுவார். இப்படிச் சொல்லுங்கள்:

- இடுப்பு அளவை, தொப்புளுக்குச் சற்று மேலே உடம்பு ஒடுங்கும் இடத்தில் எடுக்க வேண்டும். மூச்சு விடக் கொஞ்சம் லூசு வேண்டும்.
- முன்னாலும் பின்னாலும் டாட் (உடம்போடு ஒட்டி நிற்கத் துணியைக் கூராக மடித்துத் தைப்பது) பிடிக்க வேண்டும்.
- இடுப்புக்குக் கீழே சுருக்கு வேண்டாம். விரியும்படி வெட்டி இணைக்க வேண்டும். அந்தப் பகுதிக்கு மட்டும் உள்ளே விறைப்புக்கு கேன்வாஸ்.
- தோளில் பஞ்சு வேண்டாம்.

துணி கனமான காட்டன் அல்லது கைத்தறி. மெல்லிய ரேயான் விரியாமல் தொங்கிவிடும். எத்தனை மீட்டர் என்று அவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள், வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.

படி 5: போட்டிருக்கும் விதமா? செலவே இல்லை

1966-இல் பாரிஸ் வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், ஆண்கள் இரவு விருந்துக்குப் போடும் கோட்டைப் பெண்களுக்குத் தைத்தார். அந்த யோசனைக்கு நமக்கு கோட்டுகூட வேண்டாம். அப்பாவின் வெள்ளைச் சட்டை, கை இரண்டு மடிப்பு, காலர் பட்டன் ஒன்று திறந்து, முன்பக்கம் மட்டும் பேண்டுக்குள். அப்புறம் அப்பாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்காமல் எடுத்தேன், அன்றைக்கு அவருக்குக் கல்யாண வீடு.

படி 6: டிரையல்

டெய்லர் கடையிலேயே போட்டுப் பாருங்கள், கண்ணாடி முன்னால் நின்று மட்டும் அல்ல. பஸ் கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்குங்கள். ஸ்டூலில் உட்காருங்கள். கீழே விழுந்த சாவியை எடுப்பது போலக் குனியுங்கள். நெஞ்சருகே துணி வாய் பிளந்தால் பட்டன் இடம் தப்பு. இதையெல்லாம் காஜா (பட்டன் துளை) எடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். காஜா வெட்டிய பிறகு அந்த இடத்தை மாற்ற முடியாது.