எண்டோபிளாச வலையை வரைந்தே புரிந்துகொள்வோம்

செல்லுக்குள் புரதங்களும் கொழுப்புகளும் உருவாகும் சவ்வுப் பின்னலே எண்டோபிளாச வலை. அதன் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, ஒரு தாளில் நாமே வரைந்து பார்ப்பது நல்லது. எது எதனோடு இணைந்திருக்கிறது என்ற கேள்வி வரையும்போதுதான் எழுகிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லை எடுத்துக்கொள்வோம்.

படி 1: தாளின் நடுவில் உட்கருவை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்களாக வரையுங்கள், ஏனெனில் அதைச் சூழ்ந்திருப்பது இரட்டைச் சவ்வு. அவற்றைச் சூழ்ந்து, சற்றுத் தள்ளி ஒரு பெரிய வட்டம் இட்டால் அது செல்லின் எல்லை.

படி 2: பலரும் தவறுவது இங்கேதான். உட்கருவுக்கு அருகே நான்கைந்து தனித்தனி வளைகோடுகளை இட்டு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் உட்கருவின் வெளிச்சவ்வே நீண்டு, மடிந்து, தட்டையான பைகளாக அடுக்கடுக்காக விரிகிறது. ஆகவே உட்கருவின் வெளிவட்டத்தில் ஓரிடத்தைத் திறந்து, பென்சிலை எடுக்காமல் பைகளை ஒன்றோடொன்று இணைத்து வரையுங்கள். விலங்குச் செல்லில் உள்ள மொத்தச் சவ்வில் பாதிக்கும் மேற்பட்டது இந்த வலையைச் சேர்ந்தது என்பதால், தாராளமாகவே இடம் கொடுக்கலாம். 1945-இல் செல் உயிரியலாளர் கீத் போர்ட்டரும் உடன் பணியாற்றியோரும் கோழிக்கருவின் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இது சரிகைப் பின்னல் போலத் தெரிந்தது. வலை என்ற பெயர் பொருத்தமானதே.

படி 3: பைகளின் வெளிப்புறத்தில், அதாவது சைட்டோபிளாசத்தை (உட்கருவுக்கு வெளியே செல்லை நிரப்பும் கூழை) நோக்கிய பக்கத்தில் மட்டும், புரதங்களை உருவாக்கும் ரைபோசோம்களைப் புள்ளிகளாக வையுங்கள். இப்பகுதியே சொரசொரப்பான எண்டோபிளாச வலை. புள்ளிகள் அங்கே நிரந்தரமாக ஒட்டியிருப்பவை அல்ல. இன்சுலினின் முன்வடிவம் 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதன் முதல் 24 அமினோ அமிலங்கள் முகவரிச் சீட்டாகச் செயல்பட்டு, ரைபோசோமைச் சவ்வுக்கு இழுத்துவருகின்றன. சங்கிலி பைக்குள் நுழைந்ததும் அந்தச் சீட்டு வெட்டப்படுகிறது. எஞ்சிய 86 அமினோ அமிலங்கள் மடிந்து, அவற்றினிடையே கந்தக அணுக்களை இணைக்கும் மூன்று டைசல்பைடு பிணைப்புகள் உருவாகின்றன. சரியாக மடியாத புரதங்கள் சைட்டோபிளாசத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு அங்கே சிதைக்கப்படுகின்றன. புரதங்கள் தம் முகவரியைத் தம்மிடமே கொண்டிருக்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். செல் உயிரியலில் இவ்வளவு எளிமையும் அழகும் ஒருங்கே அமைந்த கருத்துகள் சிலவே என்று நான் கருதுகிறேன்.

படி 4: பைகளின் ஓரத்திலிருந்து புள்ளிகளற்ற சில நுண்குழல்களை நீட்டுங்கள். இது வழவழப்பான எண்டோபிளாச வலை. கொழுப்புகள் இங்கே உருவாகின்றன. கல்லீரல் செல்லை வரைவதாயின் இப்பகுதியைப் பெரிதாக்க வேண்டும், மருந்துகளின் நச்சுத்தன்மையை அது குறைக்கிறது. தசைச் செல்லிலோ அது கால்சியத்தைச் சேமித்துவைக்கிறது.

படி 5: வலையின் விளிம்பிலிருந்து பிரிந்து புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கை உறுப்பை நோக்கிச் செல்லும் சிறு நுண்பைகளை வரையுங்கள். இன்சுலினின் முன்வடிவம் அவற்றில்தான் பயணிக்கிறது.

இனிச் சரிபார்க்கலாம். ஏதேனும் ஒரு பையின் உட்பகுதியில் பென்சில் முனையை வைத்து, உட்கருவின் இரு சவ்வுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிவரை நகர்த்துங்கள். வழியில் ஒரு கோட்டையேனும் கடக்க நேர்ந்தால், அந்த இடத்தை அழித்து மீண்டும் வரையுங்கள்.