ஒரு புள்ளி செய்த வேலை

அம்பத்தூரில் நான் பார்த்துக்கொள்ளும் சின்ன ஆபீஸில், உபுண்டு (லினக்ஸ்) கம்ப்யூட்டரில் பிரிண்டர் அடிக்கடி நின்றுவிடும், பிரிண்டிங்கைக் கவனிக்கும் கப்ஸ் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அதற்காக அட்மின் பாஸ்வேர்டையே சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தார்கள்! சீட்டைக் கிழித்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன். பில்லிங் அக்கவுண்டுக்கு அந்த ஒரு கட்டளை மட்டும் போதும் என்று, சூடோ (அட்மின் அதிகாரத்தில் கட்டளையை ஓட்ட விடும் புரோகிராம்) அனுமதிகளைப் படிக்கும் சூடோயர்ஸ்.டி ஃபோல்டரில், எழுத்துப் பிழையைச் சரிபார்க்கும் விசூடோ வழியாகத் தனி ஃபைல் போட்டு, சர்வீஸ்களை இயக்க, நிறுத்த உதவும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் முழுப் பாதையோடு 'ரீஸ்டார்ட் கப்ஸ்' வரை எழுதினேன் (சிஸ்டம்சிடிஎல் என்று மட்டும் விட்டால் எந்த சர்வீஸையும் நிறுத்தலாம்). விசூடோ பிழை காட்டவில்லை, ஆனாலும் அனுமதி இல்லை என்றே வந்தது. ஒரு மணி நேரம், இரண்டு டீ. பார்த்தால் ஃபைல் பெயர் பிரிண்டர்.கான்ஃப், அந்த ஃபோல்டரில் பெயருக்குள் புள்ளி இருந்தால் சூடோ படிக்காமலே தாண்டிவிடும். வெறும் 'பிரிண்டர்' என்று மாற்றினேன். அப்புறம் பில்லிங் அக்கவுண்டில், என்னென்ன அனுமதி உண்டு என்று காட்டும் 'சூடோ -எல்' அடித்தால் அந்த ஒரே கட்டளை தெரிந்தது.