பாய்மரப் படகில் காற்றுமானியை ஆட்டோபைலட்டுடன் இணைப்பது எப்படி?

ஆட்டோபைலட் சாதாரணமாகத் திசைகாட்டியைப் பார்த்துத்தான் சுக்கானைப் பிடிக்கும். காற்று பத்து டிகிரி திரும்பினாலும் அதற்குத் தெரியாது. பாய் படபடக்கும், நீங்கள்தான் ஓடிப்போய்க் கயிற்றை இழுக்க வேண்டும். காற்று வரும் திசையையும் வேகத்தையும் அளக்கும் காற்றுமானியையும் இணைத்துவிட்டால் காற்றோடு சேர்ந்து படகும் திரும்பும். பாய் விறைப்பாகவே நிற்கும். இரண்டு பேர் மட்டும் போகும் படகில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இரவு முறைக்காவல் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே சொல்வது என்எம்இஏ 2000 வலையமைப்புக்கு, அதாவது படகுக் கருவிகள் ஒன்றோடொன்று தரவைப் பரிமாறிக்கொள்ளும் பொதுத் தரத்துக்கு. ரேமரைன் நிறுவனத்தின் சீடாக் என்ஜி வலையமைப்பு வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்; பிளக் மட்டும் வேறு, அடாப்டர் கேபிள் கிடைக்கும்.

முதலில் மின்சாரத்தை அணையுங்கள். படகின் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கேபிள்தான் அடிப்படை. அதில் டி-கனெக்டர்களைக் கோத்து, ஒன்றில் காற்றுமானி, ஒன்றில் ஆட்டோபைலட்டின் கணினிப் பெட்டி, ஒன்றில் ஃபியூஸ் போட்ட 12 வோல்ட் இணைப்பு என்று மாட்டுங்கள். முதுகெலும்பின் இரு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) வேண்டும். இரண்டே இரண்டு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

டி-கனெக்டரிலிருந்து கருவிக்குப் போகும் கிளைக் கேபிள் ஒவ்வொன்றும் 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சில காற்றுமானிகள் பாய்மர உச்சியிலிருந்தே என்எம்இஏ 2000 தரவை அனுப்பும். மரமோ 12, 15 மீட்டர். கிளைக் கேபிள் எட்டாது. அப்போது முதுகெலும்பையே மரத்துக்குள் மேலே ஏற்றி, அந்த முனை டெர்மினேட்டரை உச்சியில் வையுங்கள். உச்சியிலிருந்து தனி வகைக் கேபிள் இறங்கி, கீழே தரவை என்எம்இஏ 2000-க்கு மாற்றும் பெட்டிக்கு வரும் மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை.

இணைத்ததும் சுவிட்சைத் தட்ட அவசரப்படாதீர்கள். மல்டிமீட்டரை ஓமுக்கு மாற்றி, ஏதாவது ஒரு கிளைக் கேபிளின் திறந்த முனையில் 4, 5-ஆம் பின்களைத் தொடுங்கள் (உள்ளே வெள்ளை, நீலக் கம்பிகள்). சுமார் 60 காட்டினால் சரி. 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் விட்டுப்போயிருக்கிறது. 40 என்றால் எங்கோ மூன்றாவது ஒளிந்திருக்கிறது. என் படகில் 40 காட்டியது. அரைநாள் தேடினேன், பழைய உரிமையாளர் படுக்கைக்கு அடியில் விட்டுவைத்த கேபிள் துண்டின் நுனியில் இருந்தது.

இனி மின்சாரம் கொடுங்கள். திரையில் காற்று தெரிகிறது என்பதாலேயே ஆட்டோபைலட் அதை எடுத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். அமைப்புகளில் காற்றுத் தரவின் மூலமாக உங்கள் காற்றுமானியைத் தேர்வு செய்யுங்கள்.

அடுத்து கோணத்தைச் சரிபார்ப்பது. இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். உச்சியில் மாட்டும்போது கருவி சில டிகிரி கோணலாக உட்காருவது சகஜம். சீரான காற்றில், காற்றை எதிர்த்து இருபக்கமும் ஒரே நெருக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். வலப்பக்கம் 32, இடப்பக்கம் 26 காட்டினால், கருவி வலப்பக்கமாக 3 டிகிரி கூட்டிச் சொல்கிறது. அந்த 3 டிகிரியை அமைப்புகளில் திருத்த அளவாகக் கொடுங்கள்.

முதல் சோதனையைப் பகலில், திறந்த நீரில், காற்று அணியத்திலிருந்து (படகின் முன்முனை) 60 டிகிரியில் வரும்படி வைத்துச் செய்யுங்கள். படகு நிலைத்ததும் ஆட்டோபைலட்டைக் காற்று முறைக்கு மாற்றுங்கள். நேர்ப்பின் காற்றில் மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம். சற்றுத் தவறினாலும் பூம் (பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கழி) மறுபக்கம் வீசியடிக்கும், தலை இருந்தால் தலையில்தான். காற்று திரும்பினால் படகின் பாதையும் சத்தமில்லாமல் கரைப்பக்கம் வளையலாம். ஆகவே காற்றுமாற்ற அலாரத்தை இயக்கிவிட்டு, ஒருவர், ஆட்டோபைலட்டை விடுவித்துச் சுக்கானைக் கைக்குத் தரும் ஸ்டாண்ட்பை பொத்தான் எட்டும் தூரத்திலேயே உட்காருங்கள்.