பழைய சென்சஸில் பெண் எழுத்தறிவைக் கணக்கிடுவது எப்படி?

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்? சென்சஸ் தொகுதிகளில் பதில் உண்டு. ஆனால் அறிக்கையில் உள்ள சதவீதத்தை அப்படியே எடுக்காமல் நேரே அட்டவணைக்குப் போங்கள். 1901, 1911, 1921 தொகுதிகளில் 8-ஆம் அட்டவணை மதம், வயது வாரியாகவும் 9-ஆவது சாதிவாரியாகவும் எழுத்தறிவைத் தரும். 1931-இல் இவையே 13, 14.

முதலில் வகுக்கும் எண்ணைச் சரிபாருங்கள். அறிக்கையின் பல விகிதங்களில் கைக்குழந்தையும் எழுத்தறிவில்லாதவர் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு தாலுகாவில் 1,00,000 பெண்கள், படித்தவர் 2,000 என்று வைத்துக்கொள்வோம்: 2 சதவீதம். பத்து வயதுக்கு உட்பட்ட 28,000 பேரையும், அவர்களில் படித்த 200 பேரையும் கழித்தால் 72,000-க்கு 1,800, அதாவது 2.5 சதவீதம். படித்தவர் எண்ணிக்கையிலிருந்து அந்த 200-ஐக் கழிக்க மறப்பதுதான் வழக்கமான பிழை. இன்னொன்று, பழைய அறிக்கைகள் பெரும்பாலும் ஆயிரத்துக்கு இத்தனை என்றே சொல்லும். 1911-இல் இந்தியப் பெண்களுக்கு வரும் 10 என்பது ஒரு சதவீதம்தான், பத்து அல்ல.

1891-ஐயும் 1901-ஐயும் ஒரே கோட்டில் வரையாதீர்கள். 1881, 1891-இல் 'படித்தவர்', 'படித்துக்கொண்டிருப்பவர்', 'படிக்காதவர்' என மூன்று பிரிவு. 1901-இல் நடுப்பிரிவை நீக்கிவிட்டார்கள். 1911-இலோ, நண்பருக்குக் கடிதம் எழுதி, வரும் பதிலைப் படிக்கத் தெரிந்தால்தான் படித்தவர். கேட்க வந்தவரும் ஆண், பதில் சொன்னவரும் பெரும்பாலும் வீட்டு ஆண் என்பதையும் மனதில் வையுங்கள்.

மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாடு அல்ல. மலபாரும் தெலுங்கு ஜில்லாக்களும் அதில் அடக்கம். திருவிதாங்கூர் தனி சமஸ்தானம். எனவே தமிழ்ப் பகுதிக்கு மட்டும் கணக்கு வேண்டுமென்றால் ஜில்லாவாரியாகக் கூட்டுங்கள்.

பிறகு கல்வித்துறையின் ஆண்டறிக்கையோடு ஒப்பிடுங்கள். அதில் 'பெண்கள் பள்ளி' அட்டவணையை மட்டும் பார்த்தால் ஆண்கள் பள்ளியில் படித்த சிறுமிகள் விடுபட்டுப்போவார்கள். மொத்தச் சேர்க்கையும் ஏமாற்றும்: பிரிட்டிஷ் இந்தியாவின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவின் 1929 அறிக்கைப்படி, 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளுக்கு 1925-26-இல் நாலாம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேரே. நாலாம் வகுப்புக்கு வந்த சிறுமிகளை மட்டும் தனியே எண்ணினால், அடுத்த சென்சஸில் படித்தவர் தொகை ஏன் அவ்வளவு மெல்ல ஏறுகிறது என்பது பிடிபடும்.