யன்னலோரம் ஒரு கதிரை போடுங்கள்: முகங்களைப் படம் எடுக்கப் பழகுவோருக்கு

கமரா கைக்கு வந்ததும் கொழும்பில் பலரும் முதலில் போகிற இடம் காலிமுகத்திடல். பின்னேரம் ஆறு மணி, சூரியன் கடலில் இறங்குகிறது, சிநேகிதரை அதற்கு முன்னால் நிறுத்தி ஒரு கிளிக். வானம் செக்கச்செவேலென்று வரும். ஆள் வெறும் நிழலாக வருவார். நல்ல லென்ஸ் ஒன்று வாங்கவேண்டும் என்ற எண்ணம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. லென்ஸில் பிழையே இல்லை. வெளிச்சம் முதுகில் விழுந்தது, முகத்தில் விழவில்லை, அவ்வளவுதான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கக் கண் பழகிவிட்டால், கையில் இருக்கிற போனிலேயே நல்ல முகப்படம் எடுக்கலாம்.

படி 1: வீட்டில் ஒரு யன்னலைப் பிடியுங்கள்

முதல் ஒரு மாதம் வெளியே போகவேண்டாம். வெயில் நேரே விழாத யன்னல் ஒன்று போதும். காலையில் மேற்குப் பக்க யன்னல், பின்னேரத்தில் கிழக்குப் பக்க யன்னல். வெள்ளவத்தை மாடிவீடுகளில் இருப்பவர்களுக்குக் காலை ஒன்பது மணிக்குக் கடல் பக்கத்து யன்னலில் வருகிற வெளிச்சம் ஒரு வரம். அறையில் எரிகிற ரியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் போகும்.

யன்னலிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு கதிரை. நான் அம்மம்மாவை அப்படித்தான் இருத்தினேன். முதலில் யன்னலை நேரே பார்த்தபடி இருந்தார். முகம் முழுக்க ஒரே வெளிச்சம், தட்டையாக இருந்தது. "கொஞ்சம் இங்கால திரும்புங்கோ அம்மம்மா" என்றேன். கதிரையோடு அரைவாசி திரும்பினார். மூக்கின் நிழல் மெல்ல நகர்ந்து கன்னத்து நிழலோடு சேர்ந்தது. நிழல் விழுந்த கன்னத்தில், கண்ணுக்குக் கீழே மட்டும், ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் மிஞ்சியது. நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால், கண்மணிக்குள் யன்னல் ஒரு வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது, குறுக்குக் கம்பிகள்கூட எண்ணக்கூடியதாக இருந்தன. அந்தச் சதுரத்தைத் தேடுங்கள். அது விழாத கண் படத்தில் உயிரில்லாமல் கிடக்கும்.

நிழல் பக்கம் அதிகம் இருண்டால், புத்தகக் கடையில் வாங்கும் வெள்ளைப் பிரிஸ்டல் போர்ட் ஒன்றை அந்தப் பக்கம் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். கிட்டக் கொண்டுவந்தால் நிழல் இளகும், தள்ளிப் பிடித்தால் இறுகும். எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

இப்படிப் பழகுவதற்கு வயது ஒரு தடையில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பிரித்தானியப் பெண்மணிக்கு முதல் கமரா கிடைத்தது 1863இல், அவருடைய 48ஆவது வயதில். கோழி அடைத்த கண்ணாடிக் கொட்டில் ஒன்றைத்தான் ஸ்டூடியோவாக மாற்றினார். ஒரு படத்துக்கு முன்னால் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டிய காலம் அது. 1875இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள எளிய மனிதர்களையும் படம் எடுத்தார். 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். உலகம் கொண்டாடும் முகப்படக் கலைஞர் ஒருவர் நம் மலைநாட்டு மண்ணில் உறங்குகிறார் என்பது எனக்கு எப்போதும் பெரிய விசயம்.

படி 2: தள்ளி நில்லுங்கள்

போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு பெருக்கும், காது சுருங்கும். ஐந்தாறு அடி பின்னால் நின்று இரண்டு மடங்கு சூம் வையுங்கள். கமரா வைத்திருப்பவர்களுக்கு 50 மிமீ லென்ஸ் தொடங்குவதற்குப் போதும். கமராவைப் பிடிக்கும் உயரம் அவருடைய கண் மட்டம். பிள்ளைகளை எடுக்கும்போது நிலத்தில் முழங்காலிடுங்கள்.

படி 3: கமராவில் மாற்றவேண்டியவை

லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதை எஃப் எண் சொல்லும், எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஒருவரை எடுக்க எஃப் 2 முதல் 2.8 வரை. மூன்று பேர் என்றால் 5.6, இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் மங்கிப்போவார். ஷட்டர் வேகம் நொடியில் 200இல் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் அளவு, 400இல் தொடங்கி, இருட்டாக இருந்தால் கூட்டுங்கள். ஃபோகஸ் எப்போதும் உங்களுக்குக் கிட்ட இருக்கும் கண்ணில். போனில் அந்தக் கண்ணின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் ஃபோகஸ் அங்கேயே நிற்கும்.

படி 4: தோலின் நிறத்தை அப்படியே விடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

கமராவுக்கு ஆளைத் தெரியாது. தான் பார்ப்பது எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாகக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மாநிறமான ஒருவரை நிறுத்தினால், கமரா சுவரைக் குறைக்கிறேன் என்று முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 அல்லது +1 வரை கூட்டுங்கள். இருண்ட மரக்கதவுக்கு முன்னால் நிறுத்தினால் நடப்பது இதற்கு எதிர்மாறு. முகம் வெளிறிப்போகும், -0.7 வையுங்கள். போனில் திரையைத் தொட்டதும் வருகிற சின்னச் சூரியனை மேலே கீழே இழுத்தால் இதே வேலைதான்.

கறுத்த முகத்தின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் யன்னல் வெளிச்சம் வழுக்கி ஓடும் இடத்தைப் பாருங்கள், முகத்தின் உருவம் அங்கேதான் எழும். நேரே அடிக்கும் ஃபிளாஷ் அதை எண்ணெய்ப் பொட்டாக்கிவிடும்.

போன் தானாகவே முகத்தை மெருகூட்டும் பியூட்டி மோடை நிறுத்துங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அம்மப்பா தவறியபோது அஞ்சலிப் படத்துக்காக ஒரு ஸ்டூடியோவில் அவருடைய பழைய படத்தைக் கொடுத்தோம். முகத்தை வெளுப்பாக்கித் தந்தார்கள். வலக் கன்னத்து மறுவையும் அழித்திருந்தார்கள். மாலை போட்டுவைத்த அந்தப் படத்தை அம்மா கனநேரம் பார்த்தபடி நின்றா. "இது அப்பா மாதிரி இல்லையே" என்று மட்டும் சொன்னா. அன்றிலிருந்து நான் எடுத்த எந்தப் படத்திலும் ஒருவருடைய நிறத்தில் கைவைத்ததில்லை.

படி 5: கதை கொடுங்கள்

"சிரியுங்கோ" என்று சொன்னதும் முகம் விறைக்கும். கமராவை இறக்கி வைத்துவிட்டுப் பேசுங்கள். அம்மம்மாவிடம் நான் புளிக்கஞ்சிக்கு என்னென்ன போடுவது என்று கேட்டேன். விளக்கத் தொடங்கியதும் கை எழுந்தது, புருவம் எழுந்தது. சொல்லி முடித்து மூச்சு விடுகிற அந்த நொடியில்தான் அழுத்தினேன். தோள் கொஞ்சம் சரிந்து, நாடி சற்று முன்னுக்கு வந்து இருந்தால் போதும்.

தெருவில் தெரியாதவரை எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள். செட்டியார் தெருவில் பூக்கட்டுகிறவரிடம் "அண்ணை, ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு எடுக்கும் படத்தில் முகம் இளகியிருக்கும். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகருங்கள்.

படி 6: இனி வெளியே

கொழும்பில் நடுப்பகல் வெயில் உச்சந்தலையில் அடிக்கும். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கே வந்துவிடும். கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். அந்த நேரம் நிழல் தேடுங்கள். சுதந்திர சதுக்க மண்டபத்தின் தூண்களுக்குள்ளே, வெளிப்பக்கம் பார்த்தபடி ஆளை நிறுத்தினால், வெளியில் இருக்கிற வெளிச்சம் பெரிய யன்னல்போல முகத்தில் விழும். விகாரமகாதேவி பூங்காவில் மரநிழல் நல்லது, ஆனால் இலைகளுக்கு இடையால் விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் காலிமுகத்திடலுக்குப் போங்கள். இந்த முறை நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டுங்கள், அவர் கடலைப் பார்க்கட்டும். சூரியன் மறைந்த பிறகு வருகிற பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். வானம் முழுதும் ஒரு விளக்காகி நிற்கும். நம் ஊரில் இருட்டு சட்டென்று விழுந்துவிடுவதால் முன்கூட்டியே எல்லாம் தயாராக இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸில் நீராவி படியும். கமராவைப் பையிலேயே இருபது நிமிடம் விட்டு எடுங்கள். உப்புக் காற்று பட்ட லென்ஸை வீட்டுக்கு வந்ததும் மெல்லிய துணியால் துடையுங்கள்.

எடுத்ததில் சிறந்த ஒன்றை நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டு அந்த ஆளிடமே கொடுங்கள். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தா. பிறகு, "அடுத்த கிழமை அந்த நாவல் நிறச் சீலையோட ஒண்டு எடு பிள்ளை" என்றா.